மத்தி, நெத்திலி, ஹெர்ரிங்: சிறுமீன் பிடிப்பு நிலைத்திருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய்ச் சத்துள்ள சிறுமீன்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் இனங்கள், நெத்திலி வகைகள், வட அட்லாண்டிக்கின் ஹெர்ரிங், ஸ்பிராட் ஆகியவற்றைச் சொல்கிறோம். உடல் அளவில் சற்றுப் பெரிய கானாங்கெளுத்தியையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. நீரின் மேலடுக்குகளில் பெருங்கூட்டமாகத் திரிவதும், நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிற்றுயிர்களான மிதவையுயிரிகளை உண்பதும், கொழுப்பைத் தசையிலேயே சேர்த்து வைப்பதும் இவற்றின் பொதுக் குணங்கள். பெரும்பாலானவை விரைவில் முதிர்ந்து விரைவில் மடிகின்றன. பெரு நாட்டுக் கடலின் அன்சோவெட்டா என்னும் நெத்திலி ஏறத்தாழ ஓராண்டில் இனப்பெருக்க வயதை எட்டி, மூன்று நான்கு ஆண்டுகளில் வாழ்வை முடித்துக்கொள்கிறது. ஹெர்ரிங் மட்டும் இதில் சேராது. நார்வே கடலின் ஹெர்ரிங் இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடியது.

இத்தனை முட்டையிட்டுப் பெருகும் மீனை அளவு மீறிப் பிடிக்கவே முடியாது என்கிறார்களே?

இது பழைய நம்பிக்கை. படித்தவர்களிடமும் இருந்த நம்பிக்கை. 1883-இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் பேசிய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, ஹெர்ரிங், மத்தி, கானாங்கெளுத்தி போன்ற பெரும் கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்றே கருதினார். அவர் காலத்துப் பாய்மரப் படகுகளையும் நூல் வலைகளையும் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு தவறான கணிப்பும் அன்று. ஆனால் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 1977-இல், வடகடலின் ஹெர்ரிங் பிடிப்பையே முழுவதுமாக மூட வேண்டியதாயிற்று.

முட்டைகளின் எண்ணிக்கை நம்மை ஏமாற்றுகிறது. ஒரு தாய்மீன் இடும் ஆயிரக்கணக்கான முட்டைகளில் ஒன்றிரண்டு முதிர்ந்த மீனானாலே இனம் நிலைத்துவிடும். பொரித்த முதல் சில வாரங்களில் தக்க இரை தக்க இடத்தில் கிடைத்ததா, நீரோட்டம் குஞ்சுகளைக் கரையோரம் நிறுத்தியதா, ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றதா என்பவையே அந்த ஆண்டின் விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. குறைந்த ஆயுளுள்ள இனத்தில், எந்த நேரத்திலும் கடலில் இருப்பது இரண்டு மூன்று ஆண்டுகளின் குஞ்சுகள் மட்டுமே. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பொய்த்தால் பின்னால் நின்று தாங்குவதற்கு மூத்த மீன்கள் இல்லை. விரைவாகப் பெருகும் அதே குணம், விரைவாகக் காலியாகவும் வழி செய்கிறது.

அப்படியானால் வீழ்ச்சிக்குக் காரணம் மனிதரா, கடலா?

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை தருபவரை நம்ப வேண்டாம். கடல் தானாகவே இந்த மீன்களை ஏற்றியும் இறக்கியும் வந்திருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா படுகையில், அடிநீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதால் கடலடி வண்டல் கலையாமல் ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. அந்த அடுக்குகளில் புதைந்த மீன் செதில்களை எண்ணி, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளின் மத்தி, நெத்திலி வரலாற்றை ஆய்வாளர்கள் மீட்டெடுத்தனர். அந்தக் காலத்தில் மத்தி ஒன்பது முறை பெருமளவில் வீழ்ந்து, ஒன்பது முறை எழுந்திருக்கிறது. தொழில்முறை வலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஏற்ற இறக்கம் நடந்துகொண்டிருந்தது.

ஆகவே மீன்பிடிப்புக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டினால் அதுவும் பிழையாகும். அதே கலிபோர்னியாவில் 1936–37 பருவத்தில் மத்திப் பிடிப்பு 7 லட்சம் டன் அளவைத் தாண்டியது. நாற்பதுகளில் கடல் குளிர்ந்து, மத்திக்கு ஒவ்வாத காலம் தொடங்கியபோதும் பிடிப்பு தளரவில்லை. தடை வந்தது 1967-இல். அதற்குள் தடை விதிக்க மீனே இல்லாத நிலை வந்துவிட்டது. பெருவிலும் இதே கதை. 1970-இல் அன்சோவெட்டா பிடிப்பு 1.2 கோடி டன்னைத் தாண்டியது. ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு அறிவியலாளர்கள் சொன்ன அறிவுரை காற்றில் போயிற்று. 1972-இல், பசிபிக் கடல்நீரைச் சூடாக்கும் எல் நினோ வந்து, மேலெழும் குளிர்நீரை அடக்கியது. 1973-இல் பிடிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டன்னாகச் சுருங்கியது.

உலகின் பல சிறுமீன் இருப்புகளை, அதாவது ஒரு கடற்பகுதியில் வாழும் ஓர் இனத்தின் மொத்த மீன்தொகைகளை, ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. வீழ்ந்த இருப்புகள் பலவற்றில், வீழ்ச்சிக்கு முந்தைய ஆண்டுகளில் மூன்று நிகழ்வுகள் ஒன்றுசேர்ந்திருந்தன: பிடிப்பின் அழுத்தம் மிகுந்திருந்தது, கடலின் விளைச்சல் திடீரென்று குறைந்தது, குறைந்த பிறகும் பிடிப்பைத் தணிக்கச் சில ஆண்டுகள் தாமதமாயிற்று. இறக்கத்தைத் தொடங்குவது பெரும்பாலும் கடல். இறக்கத்தைப் படுவீழ்ச்சியாக்குவது நம் தாமதம். இந்தப் பக்கத்தின் மற்ற விடைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தத் தாமதத்தைப் பற்றியவையே.

படகுகளுக்கு நல்ல மீன்பாடு இருக்கும்போது, மீன் குறைந்துவருகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்த மீன்களைப் பொறுத்தவரை மீன்பாட்டை நம்பி முடிவெடுப்பதுதான் பெரிய ஆபத்து. பரவலாகத் திரியும் மீன் குறைந்தால் வலையில் விழுவதும் குறையும். மீனவர் உடனே உணர்ந்துவிடுவார். கூட்டமீன் அப்படியன்று. இருப்பு பாதியாகக் குறைந்தாலும், மிஞ்சியவை நெருங்கிச் சேர்ந்து அதே அடர்த்தியுள்ள கூட்டங்களாகவே திரிகின்றன. கூட்டங்களின் எண்ணிக்கையும் அவை உலவும் பரப்பும் மட்டும் சுருங்குகின்றன. எதிரொலிக் கருவியும் கைபேசித் தகவலும் உள்ள இன்றைய படகு, மிஞ்சியிருக்கும் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து வளைத்துவிடும். ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் மீன் நேற்றைப் போலவே இருக்கும். கடைசிக் கூட்டம் வளைக்கப்படும் வரை கணக்கு நன்றாகவே தெரியும். படகோட்டியின் அனுபவ அறிவைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. தேடலுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, எவ்வளவு தொலைவு போக வேண்டியிருக்கிறது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. இறக்குமிடத்துப் பதிவேட்டில் பெரும்பாலும் இடம்பெறாத தகவலும் அதுவே.

பிறகு எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்?

மூன்று வழிகள் முதன்மையானவை. ஆய்வுக் கப்பல் குறித்த பாதையில் சென்று ஒலியலைகளை அனுப்பி, திரும்பும் எதிரொலியின் வலிமையைக் கொண்டு மீன் கூட்டத்தின் எடையை மதிப்பிடுவது ஒன்று. கடல்நீரில் மிதக்கும் முட்டைகளை வடித்தெடுத்து எண்ணி, ஒரு தாய்மீன் சராசரியாக எத்தனை முட்டை இடுகிறது என்ற கணக்கோடு சேர்த்து, அவ்வளவு முட்டையிட எத்தனை தாய்மீன்கள் தேவை என்று பின்னோக்கிக் கணக்கிடுவது இரண்டாவது. கரையில் இறங்கும் மீனின் நீளம், வயது, சினை நிலை ஆகியவற்றை மாதிரி எடுத்துப் பார்ப்பது மூன்றாவது. வயதைக் காதுக்குள் இருக்கும் சிறு கல்லின் வளையங்கள் காட்டும். மரத்தின் ஆண்டு வளையம் போன்றதுதான் அதுவும். எந்த ஒரு வழியும் தனித்து நிற்கத் தக்கதன்று. மேலும், ஆயுள் குறைந்த மீனுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கணக்கெடுப்பு பயன்படாது. அறிக்கை அச்சாகும்போது, அது பேசும் மீன்கள் உயிரோடு இருக்கமாட்டா.

ஆண்டுக்கு இவ்வளவு டன் என்று ஒரே எண்ணை நிர்ணயித்துவிட்டால் என்ன?

ஏறி இறங்கும் இருப்புக்கு மாறாத எண் பொருந்தாது. நல்ல ஆண்டில் அது வீண் கட்டுப்பாடாகத் தெரியும். கெட்ட ஆண்டில் அதே எண் பேரழிவாகும். அதனால் எண்ணுக்குப் பதிலாக விதியை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதே அறிவுடைமை. இருப்பு இந்த அளவில் இருந்தால் இந்தப் பங்கைப் பிடிக்கலாம். அதற்குக் கீழே போனால் பங்கும் குறையும். இந்தக் கோட்டைத் தொட்டால் பிடிப்பு நின்றுவிடும் என்பது போன்ற விதி அது. அமெரிக்க மேற்குக் கரை மத்திக்கு அந்தக் கோடு 1.5 லட்சம் டன். 2015-இல் மதிப்பீடு அதற்குக் கீழே இறங்கியதும் மத்தியை இலக்காகக் கொண்ட பெரும் பிடிப்பு மூடப்பட்டது. யாரும் கூடி விவாதித்து இழுத்தடிக்க வேண்டியிருக்கவில்லை.

பெருவும் பாடம் கற்றது. 2009 முதல் ஒவ்வொரு படகுக்கும் தனிப் பங்கு உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர் கப்பல் ஆய்வு நடக்கிறது. 2023-இல் குஞ்சுகளின் பங்கு மிக அதிகமாக இருந்ததால் பெருவின் வட-மத்தியக் கடற்பகுதியில் முதல் பருவம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. ஏற்றுமதி வருவாயில் விழுந்த அடி சிறிதன்று. 1972-இல் இப்படி ஒரு முடிவை நினைத்துப் பார்த்திருக்கவும் முடியாது.

குஞ்சு மீனைப் பிடிக்காமல் இருந்தால் போதாதா?

தேவைதான்; போதாது. பெருவில் அன்சோவெட்டாவுக்கு 12 சென்டிமீட்டர் என்றும், கேரளத்தில் மத்திக்கு 10 சென்டிமீட்டர் என்றும் குறைந்தபட்ச நீளம் வகுத்திருக்கிறார்கள். ஆனால் வலை வளைப்பதற்கு முன் மீனின் நீளத்தை அளக்க முடியாது. வளைத்த பின் குஞ்சு எனத் தெரிந்து வலையைத் தாழ்த்தி விட்டுவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். நெருக்கடியில் செதில் உரிந்து, மூச்சுத் திணறிய சிறுமீன்களில் பல, நீந்திப் போனது போலத் தெரிந்தாலும் சில நாட்களில் மடிகின்றன. கடலில் மடிந்தவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. விட்டுவிடுவதானால் வலை சுருங்கும் முன்பே விட வேண்டும். அதைவிட, குஞ்சு மிகுந்த பகுதி என்று ஒரு படகு தெரிவித்ததும் அந்தப் பகுதியைச் சில நாட்களுக்கு எல்லாப் படகுகளுக்கும் மூடுவது நல்ல வழி.

தடைக்காலம் இருக்கிறதே?

அது முட்டையிடும் பருவத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். இந்த மீனைப் பிடிக்கும் வலைக்கும் பொருந்த வேண்டும். கடலடியில் இழுக்கும் மடிக்கு மட்டும் தடை விதித்தால் மேல்நீர் மத்திக்கு அதனால் பெரிய பயனில்லை.

இந்தியத் தென்மேற்குக் கரையின் மத்தி ஏன் திடீரென்று மறைந்தது?

இந்தக் கரையின் மத்தி மறைவதும் திரும்புவதும் புதிதன்று. 1940-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட வீழ்ச்சியால் கவலையுற்ற சென்னை மாகாண அரசு, 1943-இல் மலபார் கரையில் சில வகைப் படகுகளுக்கும் வலைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. அண்மைக்கால ஏற்ற இறக்கம் இன்னும் கூர்மையானது. கேரளத்தின் மத்திப் பிடிப்பு 2012-இல் 4 லட்சம் டன்னை நெருங்கியது. 2021-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி அது 3,297 டன்தான். நூறு மீன் கிடைத்த இடத்தில் ஒரு மீன்கூட இல்லை என்பதற்குச் சமம்.

தென்மேற்குப் பருவக்காற்று கரையோரக் குளிர்நீரை மேலே கொண்டுவருவதையும், அதனால் மிதவையுயிரிகள் செழிப்பதையும் நம்பியே இந்த மத்தி வாழ்கிறது; முட்டையிடுவதும் பருவமழையை ஒட்டித்தான். 2015–16 எல் நினோ காலத்தின் வெப்பம் அந்த ஒழுங்கைக் குலைத்தது. அதற்கு முந்தைய நல்ல ஆண்டுகளில் பெருகியிருந்த வலைகளும் எஞ்சின்களும் கெட்ட ஆண்டுகளிலும் கடலில்தான் இருந்தன. படகுக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டியவர், மீன் குறைந்தது என்று கரையில் உட்கார முடியாது. இதைப் பேராசை என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் நல்ல ஆண்டின் அளவுக்குப் படகு கட்டக் கடன் கொடுத்த ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மூடும் சுருக்குமடி வலைதான் குற்றவாளியா?

கூட்டமீனைப் பிடிக்க இதைவிடத் தூய்மையான முறை அரிது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆழமான நீரில் விரித்தால் கடலடியைத் தொடாது; வேற்று மீன்கள் குறைவாகவே சிக்கும். ஒரு டன் மீனுக்குச் செலவாகும் எரிபொருள், சுருக்குமடியால் சிறுமீன் பிடிக்கும் பல கப்பல்களில் நூறு லிட்டருக்கும் குறைவு. இறால் இழுவைப் படகுகளில் இது ஆயிரக்கணக்கான லிட்டர். குறை அதன் வலிமையில் இருக்கிறது. ஒரே வீச்சில் ஒரு கூட்டத்தையே வாரிவிடும் கருவி, எண்ணிக்கைக் கட்டுப்பாடின்றிப் பெருகினால், சிறு வலைக்காரருக்கு மிச்சம் இராது; தடை கோரும் குரல்கள் பெரும்பாலும் அந்தப் பங்கீட்டுக் குறையிலிருந்தே எழுகின்றன. பங்கீட்டு வழக்கும் உண்மையான வழக்குதான். அதைச் சூழல் வழக்காக மாற்றிப் பேசுவதில்தான் குழப்பம் வருகிறது.

இவற்றை உண்டு வாழும் பறவைகளுக்கும் பெரிய மீன்களுக்கும் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்?

ஏழு கடற்பகுதிகளில் 14 கடற்பறவை இனங்களின் நெடுங்காலப் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, இரைமீன் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே குறைந்ததும் பறவைகள் குஞ்சு வளர்ப்பதில் தோல்வியுறத் தொடங்குகின்றன என்று கண்டது. மறுத்தவர்களும் உண்டு. பறவை உண்பது பெரும்பாலும் வலையில் சிக்காத சிறு குஞ்சுகளையே, கடலின் ஏற்ற இறக்கமே பறவைகளைப் பெரிதும் பாதிக்கிறது என்று 2017-இல் மற்றோர் ஆய்வுக்குழு வாதிட்டது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. மொத்த டன் கணக்கைவிட, கூடு கட்டும் இடத்தின் அருகே கூடு கட்டும் காலத்தில் மீன் இருக்கிறதா என்பதே பறவைக்கு முக்கியம் என்பது என் கருத்து. ஆப்பிரிக்கப் பெங்குவின் 2024-இல் அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஆறு பெங்குவின் குடியிருப்புகளைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிப்பைப் பத்தாண்டுகளுக்கு மூட நீதிமன்ற ஆணை வழிசெய்தது. அந்த முடிவு இடத்தைப் பார்த்து எடுத்த முடிவு.

மீன்மாவு ஆலைகளைப் பற்றி?

ஏறத்தாழ நாலரை கிலோ பச்சை மீனிலிருந்து ஒரு கிலோ மாவு கிடைக்கும். பெருவின் அன்சோவெட்டாவில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் மாவாகவும் எண்ணெயாகவும் மாறிப் பண்ணை மீனுக்கும் இறாலுக்கும் தீவனமாகிறது. மனிதர் உண்ணும் மீனை ஏன் மாவாக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் நன்கு ஆளப்படும் இருப்பிலிருந்து எடுத்த மீன் எங்கே போகிறது என்பது பங்கீட்டின் கேள்வி. இருப்பு நிலைக்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் மேற்கு ஆப்பிரிக்கா. மொரித்தானியா, செனகல், காம்பியா கரைகளில் மக்களின் அன்றாடப் புரதமாக இருந்த மத்தி இனங்களை ஆலைகள் வாங்கத் தொடங்கிய பின், கருவாடு போடும் பெண்களுக்கு மீன் கிடைப்பது அரிதாயிற்று. இருப்பும் அளவு மீறிப் பிடிக்கப்பட்ட நிலையில் உள்ளது. சிறியதோ, நைந்ததோ, எதையும் எடுத்துக்கொள்ளும் ஆலை, கரையில் இருந்த இயல்பான தடையை நீக்கிவிடுகிறது. விற்காத மீனுக்காக யாரும் வலை வீசமாட்டார்கள் என்பதே அந்தத் தடை. தீவனத் தொழிலிலும் மாற்றம் உண்டு: நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-இல் ஏறத்தாழ 90 சதவீதமாக இருந்த கடல் மூலப்பொருள், 2013-இல் 30 சதவீத அளவுக்குக் குறைந்தது. அந்த இடத்தைப் பெரும்பாலும் சோயா போன்ற நிலப்பயிர்கள் நிரப்பின.

நிலைத்திருக்கும் வகையில் பிடித்த மீன் என்று சொல்லும் சான்றிதழ் முத்திரையை நம்பலாமா?

முத்திரை ஒரு தேதியில் எடுத்த படம். போர்ச்சுகலின் மத்திப் பிடிப்பு 2010-இல் பெற்ற சான்று, இருப்பு சரிந்ததால் 2014-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. முத்திரை விலகியது அமைப்பு தோற்றதன் அடையாளமன்று. வேலை செய்ததன் அடையாளம். வடகிழக்கு அட்லாண்டிக்கின் ஹெர்ரிங் சான்றை 2020-இன் இறுதியில் இழந்ததோ வேறு காரணத்தால். மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதில் நாடுகள் ஒத்துப்போயின. யாருக்கு எவ்வளவு என்பதில் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு நாடும் தனக்கென அறிவித்துக்கொண்ட பங்குகளைக் கூட்டினால், அறிவியல் அறிவுரையை மிஞ்சியது. முத்திரையில்லாத சிறுபடகு மீன் கெட்டது என்றும் கொள்ளக் கூடாது. சான்று பெறும் செலவைப் பல கரைகளால் தாங்க முடியாது.

ஒருமுறை வீழ்ந்த இருப்பு மீளுமா? எத்தனை ஆண்டுகள் ஆகும்?

பிஸ்கே விரிகுடாவின் நெத்திலிப் பிடிப்பை 2005-இல் மூடினார்கள், 2010-இல் திறந்தார்கள், மீன் திரும்பியிருந்தது. வடகடல் ஹெர்ரிங்கின் இரு வரலாறுகள் இன்னும் பயனுள்ளவை. எழுபதுகளில் எச்சரிக்கைகள் வந்தும் பேச்சுவார்த்தை இழுத்தது. 1977-இல் மூடிய பிடிப்பு முழுமையாகத் திறக்க 1983 ஆயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் அதே இருப்பு மீண்டும் சரியத் தொடங்கியபோது, 1996-இல் ஆண்டின் நடுவிலேயே அந்த ஆண்டின் பங்கைப் பாதியாக வெட்டினார்கள். அந்த முறை பிடிப்பை மூட வேண்டிய தேவையே வரவில்லை.

நார்வேயின் ஹெர்ரிங் அறுபதுகளின் இறுதியில் ஏறக்குறைய அற்றுப்போய், 1983-இல் பிறந்த ஒரு செழிப்பான தலைமுறையால்தான் தலையெடுத்தது; இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. நமீபியாவில் 1968-இல் 14 லட்சம் டன் அளவுக்குப் பிடிபட்ட மத்தி எழுபதுகளில் வீழ்ந்தது. வீழ்ந்த பின்னும் பல ஆண்டுகள் சிறு அளவில் பிடிப்பு தொடர்ந்தது. முழுத் தடை 2018-இல்தான் வந்தது. மத்தி இருந்த இடத்தை இப்போது அந்தக் கடலில் ஜெல்லிமீன்களும் கோபி என்னும் சிறுமீன்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மத்தி இன்னும் திரும்பவில்லை.